கேசவனின் ஏணையும் என் தறப்பாளும்

பொறாமைப்படுவதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு. பெருமைக்காகச் சொல்லவில்லை, எங்கள் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பக்கத்து வளவில் மாமரம் பூத்தால் எனக்கு இரண்டு நாள் நித்திரை வராது (இப்போது பரவாயில்லை, ஒரு நாள்தான்). ஆனால் இருபத்திரண்டு வயதில் என் பெரியம்மா மகன் கேசவன் மேல் எனக்கு வந்ததுதான் அசல் பொறாமை. மற்றதெல்லாம் அதன் மிச்சம்.

கேசவன் என்னைவிட ஆறு மாதம் மூத்தவன். அந்த ஆறு மாதத்துக்காக நான் அவனை அண்ணன் என்று கூப்பிட வேண்டும். எங்கள் இருவருக்கும் ஒரே மாமா. அவருக்கு ஒரே மகள், சுகந்தி. ஆக, மச்சாள் முறை இரண்டு பேருக்கும் சமம். அறுவடை முடிந்ததும் மாமா கலியாணப் பேச்சை எடுப்பார் என்று வீட்டில் கதை அடிபட்டது. அந்த நேரம் பார்த்துத்தானா அவன் கட்டாரிலிருந்து வந்து இறங்க வேண்டும்? நல்ல நிறமாக, வாசமாக வேறு இறங்கினான். நான் சும்மா இருப்பேனா? ஒரு பின்னேரம் மாமாவிடம் போய், "கேசவண்ணனுக்கு அங்க ஒரு குடும்பம் இருக்காம் மாமா, ஆரோ சொன்னாங்க" என்று சொல்லிவிட்டேன். அந்த ஆரோ நான்தான். 

அது சண்டைக் காலம். எங்கள் வீடுகள் களுதாவளையில், மாமாவின் வயல் வாவிக்கு அந்தக் கரையில், மண்டூருக்கும் அப்பால். வெட்டிய நெற்கதிரைச் சூடாக, அதாவது பெரிய போராக, குவித்தாயிற்று. அடிக்கிற மெசினுக்கு டீசல் இல்லை. டீசலை வாவி தாண்டிக் கொண்டுபோக விடமாட்டார்கள். அனுமதி கிடைக்க நாலைந்து நாளாகும். அதுவரை மாடு வாய் வைக்காமல் சூட்டைக் காக்க வேண்டும்.

"ரெண்டு பேரும் போய் நில்லுங்க. சூட்டில ஒரு கதிர் குறையப்படாது. வந்து பாத்துத்தான் மறுகா மற்றக் கதை" என்றார் மாமா. மற்றக் கதை என்றால் சுகந்தி. அது எங்கள் இருவருக்கும் விளங்கியது.

மாசி மழை பெய்து நிலமெல்லாம் சேறு, போதாததற்குப் பாம்பு. எங்கே படுப்பது என்று நான் யோசிக்க, புறப்பட முதலே மாமா வீட்டு விறாந்தையில் வைத்துக் கேசவன் ஒரு சின்னப் பையைத் திறந்தான். உள்ளே ஒரு ஏணை! தூளிபோலக் கட்டிப் பெரிய ஆட்கள் படுக்கிற ஏணை. அவனுடைய அரபி முதலாளி பாலைவனத்தில் கூடாரம் அடித்துப் பொழுதுபோக்குகிறவராம், பழையதை இவனுக்குக் கொடுத்துவிட்டார். மேலே கட்ட மெல்லிய தறப்பாள் ஒன்று, மடித்தால் இடுப்பில் உடுக்கிற சாரம் ஒன்றின் அளவு. முதுகுக்குக் கீழே போட வெள்ளிபோல மினுங்குகிற தாள் ஒன்று.

"கீழால காத்து வரும் தம்பி. மேல எவ்வளவு போத்தாலும் முதுகு குளிரும். அதுக்குத்தான் இது" என்று விளக்கம் வேறு சொன்னான். சுகந்தி அதைத் தொட்டுப் பார்த்தாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

அடுத்த நாளே காத்தான்குடிக்குச் சைக்கிள் மிதித்தேன். தறப்பாள் கடைக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) பொறுமைசாலி.

"எத்தின பேருக்குத் தம்பி?"

"ஒராளுக்கு. ஆனா மற்ற ஆளிட்ட இருக்கிறதை விடப் பெரிசா வேணும்."

"மற்ற ஆளிட்ட இருக்கிறது என்ன அளவு?"

"அது தெரியாது. நீங்க பெரிசாத் தாங்க."

பச்சையில் ஒன்றைத் தொட்டேன். "அதை வைங்க தம்பி, பச்சையோட சென்றிக்குப் போனா நீங்க திரும்பி வரமாட்டீங்க" என்று பறித்து வைத்துவிட்டு, லொறிக்குப் போடுகிற நீலத் தறப்பாளைத் தூக்கிப் போட்டார். "கட்டக்குள்ள நிலத்தில இருந்து ரெண்டு முழம் உயத்திக் கட்டுங்க. காத்தும் போகணும், வெளியால கண்ணும் தெரியணும்" என்றார். நல்ல மனுசன். நான் கேட்கவில்லை.

வயலுக்குப் போகிற வழியில், சோதனைச் சென்றியில் ஆமிக்காரன் அதை விரிக்கச் சொன்னான். விரித்தேன். பின்னால் நின்ற சனமெல்லாம் வெயிலில் காய, நாலு பேர் பிடித்து அரை மணித்தியாலம் மடித்தோம். அந்த நாலு பேரில் ஒருவன் கேசவன். சிரித்துக்கொண்டே மடித்தான், பாவி.

ஏணைக்குப் பழைய மீன்வலையை நாலாக மடித்தேன். முதுகுக் குளிருக்கு என்ன போடுவது? இலவம்பஞ்சு நனைந்தால் கட்டிபட்டுப்போகும். மீன்பெட்டி ரெஜிபோம் அசைந்தால் கிறீச்சிடும். கடைசியில் மூளை வேலை செய்தது: வைக்கோல்! பக்கத்துக் களங்களில் அடித்துப் போட்டது சுற்றிவரக் கிடக்கிறது, கதகதப்பு, காசும் இல்லை. இரண்டு சாக்கைத் தைத்து, வைக்கோலைத் திணித்து, வலைக்குக் கீழே தொங்கவிட்டேன். தறப்பாளை நாலு பக்கமும் நிலத்தில் முட்ட இழுத்துக் கட்டினேன். கேசவன் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "உள்ள லைற் வைப்பியா தம்பி?" என்றான். பொறாமையில்தான் கேட்கிறான் என்று நினைத்து மகிழ்ந்தேன்.

இரவு முழுக்க வைக்கோல் சுணை கடித்தது. அதைவிட அவன் விட்ட நிம்மதியான குறட்டை கடித்தது. கண் மூடவில்லை. காலையில், வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டை விதானையின் ஆள் வந்து, கடைசி வயலும் வெட்டியாயிற்று, இன்றைக்கு வட்டைக்குள் மாடு விடப் போகிறோம், கவனம் என்று சொல்லிவிட்டுப் போனான். மத்தியானம் கேசவன் குளிக்கப் புறப்பட்டான். "சூட்டைப் பாத்துக்கொள் தம்பி, இந்தா வந்திருவன்" என்றான். ஓம் என்றேன். மழை தூறியது. ஒரு நிமிடம் சாய்வோம் என்று தறப்பாளுக்குள் நுழைந்தேன்.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. முதுகுக்குக் கீழே யாரோ இழுத்தார்கள். வைக்கோலைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கும் சத்தம். அரை நித்திரையிலும் எனக்கு விளங்கிவிட்டது: கேசவன்! என் மெத்தையைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் பிடுங்குகிறான்! வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசம் எனக்கு வந்ததில்லை.

"இழு அண்ணே இழு. எரியுதுதானே? எனக்கும் இப்பிடித்தான் எரிஞ்சது" என்றேன்.

பதிலுக்குப் பெரிய பெருமூச்சு மட்டும் வந்தது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அழுகிறான்! எனக்கு இரக்கம் வந்துவிட்டது (வெற்றி பெற்றவனுக்கு வருமே, அந்த இரக்கம்).

"அழாத அண்ணே. உனக்குக் கட்டார்ல குடும்பம் இருக்கு எண்டு மாமாட்டச் சொன்னது நான்தான். முழுப் பொய். நீ சுகந்தியை எனக்கு விட்டுத் தா, மறுகா நானே பொய் எண்டு சொல்லிப்போடுறன்."

தறப்பாளுக்கு வெளியே தொண்டையைச் செருமுகிற சத்தம்.

"டேய், கேசவன் வாய்க்கால்ல குளிக்கிறான். நீ ஆரோட கதைக்கிறாய்?"

மாமாவின் குரல். குனிந்து பார்த்தேன். ஏணைக்கடியில், தறப்பாளின் ஓரத்தைத் தள்ளிக்கொண்டு நுழைந்த ஈரமான கறுப்பு மூக்கு ஒன்று, அதன் வாய் நிறைய என் மெத்தை. விழுந்தடித்துத் தறப்பாளைத் தூக்கினேன். மாமா நின்றார். சோற்றுப் பெட்டியோடு சுகந்தி நின்றாள். அவர்களுக்கு அப்பால் ஏழெட்டு எருமைகள் சூட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. தலையெல்லாம் சவர்க்கார நுரையோடு கேசவன் ஓடி வந்து, துவாயை வீசி வீசி அவற்றைத் துரத்தினான். சூட்டில் ஒரு கதிர் குறையவில்லை.

மாமா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சுகந்திதான் கேட்டாள்: "அப்பா, இந்தச் சோத்தை மச்சானுக்குக் குடுக்கவா, எருமைக்குக் குடுக்கவா?"

வைகாசியில் அவளுக்கும் கேசவனுக்கும் கலியாணம். மாப்பிள்ளைத் தோழனாக என்னையே நிறுத்தினான். ஒரு வார்த்தை கோபித்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவன் கோபிக்கவே இல்லை, அதற்கும் பொறாமைப்பட்டேன்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் உண்மையைக் கறக்க வேண்டுமென்றால், "எருமைக்குச் சொல்லுறாப்போலச் சொல்லு" என்பார்கள். நேற்றுப் பிறந்த பிள்ளைகளும் சொல்கின்றன. போன வருடம் கேசவன் தன் மகளுக்கு ஒரு வரன் பார்த்தான். பையன் கனடாவில். எனக்குத் தெரிந்த குடும்பம் என்று என்னிடம் விசாரிக்க வந்தான்.

"எப்பிடிப் பொடியன்? எருமைக்குச் சொல்லுறாப்போலச் சொல்லு தம்பி."

அருமையான பையன். என் மருமகனைவிட எல்லா விதத்திலும் நல்லவன்.

"தங்கமான பொடியன் அண்ணே, யோசிக்காமக் குடு" என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தவன், இரண்டு நாள் எழும்பவில்லை.