கிரேக்கர் ஜீப்பில் ஏறிய ஞாயிற்றுக்கிழமை

சண்டைக் காலத்துக் கொழும்பு வெள்ளவத்தையில், தண்ணீர்க் குழாய்க்குக்கூட நீதிமன்றம் வைத்து வழக்கு நடத்திய ஒரே மனுசன் எங்கள் லொட்ஜ் கிரேக்கர்தான். அவருடைய சொந்தப் பெயரை அங்கே ஒருவரும் சொன்னதில்லை. கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து பென்ஷன் எடுத்தவர். பழைய கிரேக்கரைப் பற்றி வாசித்து வாசித்து, அவர்கள் எல்லாரும் காலி வீதிக்கு அந்தப் பக்கம் குடியிருப்பது போலவே கதைப்பார்.

குழாயைத் திறந்துவிட்டது யார் என்று சச்சரவு வந்தால், லொட்ஜில் உள்ள ஒன்பது பேரும் அவர் அறையில் கூடவேண்டும். குற்றவாளி என்றால் சட்டிக்குள் கடலை, இல்லையென்றால் பயறு. பழைய கிரேக்கர் இப்படித்தான் தீர்ப்புச் சொன்னவர்களாம். "ஐசே, வாக்கைத் தின்னாதையும்!" என்று கத்துவார். ஒருமுறை அவருக்கு எதிராகவே எட்டுக் கடலை விழுந்தது. ஒரு கிழமை கக்கூஸ் கழுவினார், முகம் சுளிக்கவில்லை.

"சட்டம் பிழையெண்டால் வாதாடும். ஒளிச்சு ஓடாதையும்," என்பார். எங்களுக்குச் சிரிப்பு.

லொட்ஜில் இருப்பவர்களின் பட்டியலைப் பொலிசில் கொடுப்பதும் அவர் வேலைதான். யாரும் புதிதாக வந்தாலும், ஊருக்குப் போய்த் திரும்பினாலும், அன்றைக்கே பதியவேண்டும். பதியாத தமிழ்ப் பொடியன் அகப்பட்டால் எங்கே கொண்டுபோவார்கள், எப்போது விடுவார்கள், கடவுளுக்குத்தான் தெரியும். நான் ஊருக்குப் போய் வியாழக்கிழமை திரும்பினேன். திகதி போட்டு, கையெழுத்து வைத்து, படிவத்தை அவரிடம் கொடுத்தேன். மனுசன் ஒரு பெரிய குழாய் வழக்கில் மூழ்கிக் கிடந்தார். படிவம் கடலைச் சட்டிக்குக் கீழேயே கிடந்தது.

ஞாயிறு காலையில் செக்கிங். இன்ஸ்பெக்டர் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மெயாகே நம நேனே?" என் பெயர் அதில் இல்லையாம். எனக்குக் கால் நடுங்கத் தொடங்கியது.

"இண்டைக்குத்தான் வந்தவர் எண்டு சொல்லுங்கோ ஐயா," என்று பக்கத்து அறை அன்ரன் கிரேக்கரின் காதுக்குள் சொன்னான். அப்படிச் சொன்னால் விட்டுவிடுவார்கள். கிரேக்கர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நல்ல சிங்களத்தில், வியாழக்கிழமையே வந்துவிட்டார் என்றார்.

ஐயோ, கிழவனைக் கொன்றுபோடலாம் போலிருந்தது எனக்கு!

"அவர் அண்டைக்கே படிவம் தந்தவர்," என்று தொடர்ந்தார். "கொண்டு வந்து தராதது நான். பிழை என்ர." சட்டிக்குக் கீழே கிடந்த படிவத்தை எடுத்து வந்து நீட்டினார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டி, என்னை ஏற்ற நின்ற பொலிஸ் ஜீப்பில் எனக்கு முந்திப் போய் ஏறிக்கொண்டார்.

"சீயா, பஹின்ன," தாத்தா இறங்கும் என்றான் ஒரு பொலிஸ்காரன். அவர் இறங்கவில்லை.

"அவரை ஏத்தினால் அநியாயம். என்னை ஏத்தினால் சட்டம்."

இன்ஸ்பெக்டர் படிவத்தின் திகதியைக் கனநேரம் பார்த்தார். என்னை விட்டுவிட்டு அவரைக் கொண்டுபோனார்கள்.

திரும்பி வந்தது புதன்கிழமை. ஒரு கன்னம் வீங்கியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஒரு பொய் சொல்லியிருந்தால் ரெண்டு பேரும் தப்பியிருப்பமே ஐயா!"

"தப்பியிருப்பம். ஆனால் என்ர கவலையீனத்துக்கு நீர் நிண்டு நடுங்கினனீர். அதுக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்றார். பிறகு, "தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்டார்.

அந்தக் கன்னத்துக்கு ஐஸ் ஒற்றிக்கொண்டிருந்தபோது, இந்த மனுசன் எனக்கு அப்பனாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். இப்பவும் நினைக்கிறேன்.