மாடியில் சிறுத்தை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அலிபிரி மலையடிவாரத்தில் எங்கள் தெருவுக்குள் சிறுத்தை வந்துவிட்டதாகப் பட்டப்பகலில் புளுகியவன் நான்தான்.

அங்கே குடிவந்த புதிது. தெருப் பாதுகாப்புக்கென்று ஓர் ஆப் வைத்திருந்தார்கள். எதிர்வீட்டு டெய்லர் லட்சுமியம்மா என் போனிலும் அதை ஏற்றிக்கொடுத்தார். "இதெல்லாம் எதுக்கும்மா?" என்று கிண்டலடித்தேன் (அப்போது எனக்கு எல்லாம் தெரியும்!).

அடுத்த வாரமே, அடுப்பில் பாலை வைத்துவிட்டு, வாசல்கதவைத் தாழிடாமல், இடுப்பில் துண்டும் துணிவாளியில் போனுமாக மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போனேன். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அடித்த காற்றில் மாடிக்கதவு படாரென்று சாத்திக்கொண்டு, உள்தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. மனைவி போனை எடுக்கவில்லை. அக்கம்பக்கத்தார் நம்பர் ஒன்றுகூட என்னிடம் இல்லை. வேறு வழியில்லாமல் ஆப்பைத் திறந்தேன்.

நான்கே பட்டன்கள்: திருடன், தீ, உடம்பு சரியில்லை, சிறுத்தை.

திருடன் என்றால் போலீஸ் வரும். தீ இன்னும் பிடிக்கவில்லை. உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது. சிறுத்தை என்றால் யாராவது போன் செய்து விசாரிப்பார்கள், விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டு அழுத்தினேன் (என்ன மூளை!).

ஒருவரும் போன் செய்யவில்லை. தெருவே ஓடிவந்தது. தடி, தாம்பாளம், கரண்டி. ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியைக் கேடயம் மாதிரி பிடித்திருந்தார்.

"சிருத எக்கட சார்?" என்று கீழேயிருந்து தெலுங்கில் கத்தினார் அவர்.

"சிறுத்தை இல்லீங்க, கதவு!" என்றேன். தாம்பாளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

மாடிக்கதவு திறந்தது. லட்சுமியம்மா. கையில் துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோல்.

"பயப்படாத சார், வந்துட்டேன். எங்க கீது அது?"

"அது... கதவு சாத்திக்கிச்சும்மா."

என்னையும் துண்டையும் ஒருமுறை பார்த்தார். "பால் பொங்கிக்கினு இருந்துச்சு. அணைச்சுட்டுத்தான் ஏறினேன்" என்றார்.

மேலே சிறுத்தை நிற்கிறது என்று முழுசாக நம்பியும், அடுப்பை அணைக்க மறக்காமல், ஒரு வாரப் பழக்கத்துக்காகப் படியேறி வந்த மனுஷி! எனக்கு வெட்கத்தைவிட அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆப்பில் இன்னும் என்ன வேண்டும் என்று கூட்டம் போட்டுக் கேட்டார்கள். ஒருவர் தண்ணி வண்டி வரும் நேரம் கேட்டார். ஒருவர் குரங்கு வந்தால் சொல்லவேண்டும் என்றார். நான் எழுந்து, "மாட்டிக்கினேன்னு ஒரு பட்டன்" என்றேன். சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. ஆனாலும் வைத்தார்கள். இதுவரை அதை அழுத்தியவன் நான் மட்டும்தான், மூன்று முறை. மூன்று முறையும் வந்தார்கள்.

போன மாதம் லட்சுமியம்மா மகளின் கல்யாணப் பத்திரிகை வந்தது. உறைமேல் அவர் கைப்பட எழுதியிருந்தார்: 'சிறுத்தை சார் குடும்பத்தாருக்கு.' வீட்டுக்கு யார் வந்தாலும், காபிக்கு முன்னால் அந்த உறையைத்தான் எடுத்து நீட்டுகிறாள் என் மனைவி.