மானேஜரின் கோல்ஃப் குச்சிக்குக் கைப்பிடி மாற்றிய வரலாறு

சுதந்திர இந்தியாவின் தொழில் வளர்ச்சியில் மூன்று நிகழ்ச்சிகளைப் பொன்னெழுத்துக்களில் பொறிக்க வேண்டும். முதல் இரண்டையும் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். மூன்றாவது, 1950-ஆம் வருஷம் ராயபுரத்தில் என் வீட்டுச் சமையலறையில் நடந்தது. எங்கள் நிலக்கரிக் கம்பெனி மானேஜரின் எட்டு கோல்ஃப் குச்சிகளுக்கு அங்கேதான் புதிய கைப்பிடி போடப்பட்டது.

நான் இக்னேஷியஸ், கம்பெனியின் தலைமை குமாஸ்தா. வெள்ளைக்காரத் துரை கப்பலேறியபோது தம் நாற்காலியையும் குச்சிப் பையையும் புது மானேஜர் ராமதாஸ் அவர்களிடம் விட்டுப் போனார். நாற்காலி உடனே பொருந்திவிட்டது. குச்சிகளில்தான் பிடித்தோல் கிழிந்து தொங்கியது. மவுண்ட் ரோடு கடையில் கேட்டதற்கு, லண்டனுக்கு அனுப்பினால் ஆறு மாதத்தில் வரும் என்றார்கள். கல்கத்தா டைரக்டரோ வருகிற சனிக்கிழமையே ஆட்டம் பார்க்க வருகிறார்.

மானேஜர் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"சுதந்திர நாட்டுக் குச்சி லண்டனுக்குப் போவதா, இக்னேஷியஸ்?"

"கூடவே கூடாது, சார்."

"வீட்டிலேயே மாற்ற வேண்டும். யார் வீட்டில்?"

கூட்டத்தில் இருந்தவர்கள் நாங்கள் இருவர். என் வீடு ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

அதே மேஜையில் இன்னொரு காகிதமும் பதினொரு மாதமாக 'ஆழ்ந்த பரிசீலனை'யில் இருந்தது. கரி வாரும் நாற்பத்திரண்டு பேர் கைநாட்டு வைத்த மனு. புது ஷவல்களின் மரப்பிடி சரியாக இழைக்கப்படவில்லை, சிராய் ஏறி உள்ளங்கை கிழிகிறது, பிடியில் சுற்றிக்கொள்ள ஆளுக்கு நாலு முழம் நூல்கயிறு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கயிறு விஷயத்தில் அவசரப்பட்டு முடிவெடுக்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வேலையில் இறங்கினேன்.

"மீன் வெட்டுற அரிவாமனையில என்னங்க தோல் உரிக்கிறீங்க?" என்றாள் என் மனைவி ஐரீன்.

"நிர்வாக ரகசியம்" என்றேன்.

அரை மணி நேரம் கழித்தும் தோல் அப்படியே இருந்தது, என் கட்டைவிரலில்தான் ரத்தம். அப்போது பொன்னுரங்கம் வந்தான். கரி வாருகிறவன். மனுவில் முதல் கைநாட்டு அவனுடையது. ஞாயிறு தவறாமல் வந்து விசாரிப்பான்.

"மனு இன்னா ஆச்சி சார்?"

"பரிசீலனையில இருக்குப்பா."

"கையால சோறு அள்ளித் துன்ன முடில சார். எம் பொஞ்சாதி அங்கம்மாதான் ஊட்டி வுடுறா. புள்ளிங்க சிரிக்கிதுங்க." துணி சுற்றிய கையைக் காட்டியவன், குச்சியைப் பார்த்துவிட்டான். "இது இன்னா?"

"இதால பந்தை அடிப்பாங்க."

"அப்பால?"

"பந்து போன இடத்துக்கு நடந்து போவாங்க."

"போயி?"

"மறுபடியும் அடிப்பாங்க."

பொன்னுரங்கம் யோசித்தான். "அத்த மொதல்லியே அங்க கொண்டுகினு போயி வெச்சிட்டா இன்னா சார்?"

இந்த யோசனையையும் பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டேன்.

"சரி, நான் சுத்தித் தரேன். நீ அந்த மனுவுல ஒரு முடிவு வாங்கிக் குடு, போதும்" என்றான். நான் வாக்குக் கொடுத்தேன்.

அவன் மீன்பிடிக் குப்பத்துக்காரன். பழைய தோலைச் சுரண்டி எடுத்து, கிருஷ்ணாயில் போட்டுத் துடைத்தான். படகுக்குப் பூசுவதுபோல் குங்கிலியத்தை எண்ணெயில் உருக்கினான். வலை நூலை அதில் நனைத்து, புண்ணான கையாலேயே இறுக்கிச் சுற்றினான். முடிச்சே தெரியவில்லை. அன்றைய மீன் குழம்பில் மட்டும் படகு வாசனை அடித்தது.

மேல்பிடி முடிந்ததும், "கீழ்ப்பிடி எங்க சார்?" என்றான்.

"கீழே எதுவும் இல்லையே?"

"இருந்திருக்கும் சார், பிஞ்சி வுழுந்திருக்கும். துடுப்போ சவலோ, ஒரு கை மேல, ஒரு கை கீழ. ரெண்டு கையயும் ஒரே எடத்துல வெச்சிகினு எவன்னா வேல செய்வானா?"

நியாயமான கேள்வி. கோல்ஃப் ஆட்டத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. மானேஜரும் பார்த்ததில்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது என்பதை அவரிடம் யார் சொல்வது? எட்டுக் குச்சிகளுக்கும் பதினாறு பிடிகள் போட்டோம்.

சனிக்கிழமை கொருக்குப்பேட்டை கரி யார்டு பக்கத்து மைதானத்தில் 'துவக்க விழா' நடந்தது. மானேஜர் ஒரு கை மேலேயும் ஒரு கை கீழேயும் பிடித்து, குனிந்து, பதினொரு நிமிஷம் மண்ணை வாரி, கடைசியில் மண்ணோடு பந்தையும் வாரி வீசினார். பந்து கூட்ஸ் வண்டியில் விழுந்து ஊரைவிட்டே போய்விட்டது.

கரிக் குவியல் மேலிருந்து பலத்த கைதட்டல். "மானேஜரு இன்னா சோக்கா வார்றாரு பாரு!" "அடுத்த ஷிப்டுக்கு இட்டாந்துடு மாமு!"

முப்பது வருஷம் கோல்ஃப் ஆடிய டைரக்டர், "இது என்ன பிடி?" என்று கேட்டார்.

"சுதேசிப் பிடி" என்றார் மானேஜர்.

டைரக்டர் தம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மரியாதை காரணமாக என்று குறிப்பேட்டில் பதிந்துகொண்டேன்.

மானேஜர் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். "பதினொரு நிமிஷம், இக்னேஷியஸ்! ஒரு கீறல் உண்டா? யார் சுற்றியது?"

"அடியேன்தான், சார்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

நல்ல மனநிலையில் இருந்தார். மனுவை நீட்டினேன். அங்கேயே உத்தரவு பிறந்தது: "ஷவல் பிடிக்கும் அதே நிலையில், கீழே கையொப்பமிட்டவர் பதினொரு நிமிஷம் நேரில் உழைத்துப் பார்த்ததில், உள்ளங்கைக்கு எவ்விதச் சேதமும் இல்லை. மனு ஆதாரமற்றது. நிராகரிக்கப்படுகிறது."

மறுநாள் பொன்னுரங்கத்துக்கு அதைப் படித்துக் காட்டினேன். முடிவு வாங்கித் தருவதாகச் சொன்னேன், வாங்கித் தந்துவிட்டேன்.

"அது நான் சுத்துன நூலு சார்! அத்தால தான அவரு கைக்கு ஒண்ணும் ஆவல? சவலுக்கும் அத்த தான கேக்குறோம்? நீ சொல்லலியா?"

"உத்தரவு போட்டாச்சுப்பா."

"பரவால்ல. நாளிக்கி நானே உள்ள போயி, நான்தான் சுத்துனேன்னு சொல்றேன்."

அவன் உள்ளே போனால் என் பொய் வெளுத்துவிடும். ஆனால் நெருக்கடியில்தானே நிர்வாகத் திறமை ஒளிவிடும்? திங்கட்கிழமை கேட் திறக்குமுன் என் சுற்றறிக்கை அதில் ஒட்டப்பட்டிருந்தது: "கரி படிந்த கையுடன் எவரும் மானேஜர் அறைக்குள் பிரவேசிக்கலாகாது."

அந்தக் கம்பெனியில் என் காலத்தில் நடந்த ஒரே திருட்டு, பொன்னுரங்கத்தின் கைவேலை திருட்டுப் போனதுதான். திருடிய கையில் கரி இல்லை. அதனால் அந்த அறைக்குள் அது தினமும் போய் வந்தது.