லாங் பெல் அடித்த நாள்

ஓய்வு பெற்ற தலைமையாசிரியரைச் சாதாரண ஆசிரியராகத் திரும்ப வேலைக்கு எடுப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பதவி போயிருக்கும், அதிகாரம் நாக்கை விட்டுப் போயிருக்காது. அத்தாட்சி வேண்டுமென்றால் நானே இருக்கிறேன்.

"பென்ஷன்தான் வருதே, சும்மா வூட்ல இருங்களேன்" என்றாள் என் மனைவி சரோஜா. அதுதான் என்னால் முடியவில்லை. முத்தியால்பேட்டை வீட்டில் சுவரைப் பார்த்துப் பாடம் நடத்த ஆரம்பித்திருந்தேன். (சுவர் என் மாணவர்களைவிடக் கவனமாகக் கேட்டது.) பிள்ளைகள் இல்லாமல் செத்துவிடுவேன் என்று உண்மையாகவே பயந்தேன். அந்த நேரத்தில்தான் செல்வி கூப்பிட்டார். ஒரு காலத்தில் என்னிடம் உதவி ஆசிரியை. இப்போது என் பழைய பள்ளியின் தலைமையாசிரியை. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியார் இல்லையென்று மேலிடத்தில் மன்றாடி என்னைச் சேர்த்துக்கொண்டார்.

மறுவாரமே ஒரு மதியம் வானம் இருண்டு மழை கொட்டியது. செல்வி ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். என் காலத்தில், குருசுக்குப்பம் பிள்ளைகள் தெருவில் தண்ணீர் ஏறுமுன் வீடு சேரட்டும் என்று பள்ளியை விட்டுவிடுவேன். அதே நினைப்பில் பியூன் அந்தோணியிடம், "லாங் பெல் அடிப்பா" என்றேன்.

என் பேச்சுக்கு மணியடித்துப் பழகிய கை. அடித்துவிட்டார்.

கண்ணை மூடித் திறப்பதற்குள் பள்ளி காலி. "சார், நீங்க இப்ப எச்.எம். இல்லியே" என்று அந்தோணி இழுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. மழையும் நின்று சுள்ளென்று வெயில் அடித்தது.

திரும்பி வந்த செல்வி வெறும் மைதானத்தைப் பார்த்தார். "பசங்க எங்க சார்?"

"அனுப்பிட்டேன்... மேடம்."

அதற்குள் மேலதிகாரியின் போன். யாரைக் கேட்டுப் பள்ளியை விட்டீர்கள் என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது. என் வேலை அன்றோடு சரி என்று தெரிந்தது. நானே சொல்லிவிடலாம் என்று கையை நீட்டினேன். செல்வி போனைத் தரவில்லை.

"நான்தான் சார் விடச் சொன்னேன்" என்றார் போனில்.

அவர் போனை வைத்ததும், "ஏம்மா பொய் சொன்ன?" என்றேன்.

"உங்கள அனுப்பிட்டா கணக்குக்கு நான் எங்க போவேன்? பெல்லு பக்கம் மட்டும் போவாதீங்க சார்."

இப்போதும் வானம் கறுத்தால் சரோஜா செல்விக்குப் போன் போடுகிறாள். "மேடம், மழ வர மாரி இருக்குது. எங்க வூட்டுக்காரரக் கொஞ்சம் புடிச்சு வைங்க." அந்தப் பக்கம் செல்வி சிரிப்பது எனக்கும் கேட்கும். அன்று வந்த மெமோவால் அவருடைய பதவி உயர்வு தள்ளிப்போனது சரோஜாவுக்குத் தெரியாது. செல்வி என்னைச் சொல்லவிடவில்லை.