கத்தரிக்காயின் மேல் சில புள்ளிகள்

சந்தையில் பேரம் பேசத் தெரிந்த மொழியில் எதையும் பேசிவிடலாம் என்று நம்புகிறவர்கள் உண்டு. அவர்களில் முதல் ஆள் நான்.

எல்லை பிரித்ததில் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போனது. எங்கள் நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. நான் அப்போதுதான் சென்னையில் கணிதம் முடித்திருந்தேன். ஒரு சமன்பாடு வரைகிற வளைகோட்டின் மேல், முழு எண்களாகவோ பின்னங்களாகவோ அமையும் புள்ளிகளைத் தேடுவது என் ஆராய்ச்சி. (அது எதற்கு என்று கேட்காதீர்கள். பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் கேட்டுவிட்டார்கள்.)

திருப்பதியில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. அம்மா இல்லாத வீடு; அக்கா கல்யாணமாகிப் போய்விட்டாள்; நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, இருமல் ஓயாத காலம். திருப்பதி என்றால் தினமும் வீடு திரும்பலாம், அவரைப் பார்த்துக்கொள்ளலாம். இருமிக்கொண்டே அவரும் கூட வந்து, தேர்வு நடந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

மாணவர்கள் தெலுங்கில் படித்துவிட்டு வருகிறவர்கள், கொஞ்ச நேரம் தெலுங்கிலேயே பாடம் நடத்திக் காட்டுங்கள் என்றார் தேர்வுக் குழுத் தலைவர். என் தெலுங்கு முழுக்க, நைனாவோடு புத்தூர் சந்தையில் காய்கறி விற்றுக் கற்றது. வளைந்த கோட்டை ‘வங்கர’ கோடு என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்ப்பழக்கம், ‘வங்காய’ என்றுவிட்டேன். அதாவது கத்தரிக்காய். இந்தக் கத்தரிக்காயின் மேல் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன பார்ப்போம் என்று கம்பீரமாக ஆரம்பித்தேன்.

தலைவர் முகம் மாறாமல், உருண்டையா நீளமா என்று கேட்டார்.

நீளம்தான், முடிவே இல்லாமல் போகும் என்றேன் நான்.

அறையே அதிர்ந்தது. சிரித்து முடித்து, மிகுந்த மரியாதையோடு, வேலை இல்லை என்று அங்கேயே சொல்லி அனுப்பினார்கள்.

வெளியே வந்ததும் நைனா எழுந்து நின்றார். முகமெல்லாம் மலர்ச்சி.

“உள்ள எல்லாரும் சிரிச்சிக்கினு இருந்தாங்களே, வேல குட்த்துட்டாங்களா?”

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் என்னால் சொல்ல முடிந்தது. கேட்டுவிட்டுச் சிரித்தார், இருமினார், இருமலுக்கு நடுவிலும் சிரித்தார். பிறகு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தூரமா கெடைச்சாலும் போ. என்னிய உங்கக்கா பாத்துக்கும்” என்றார்.

பம்பாயில் கிடைத்தது. போனேன். என் கட்டுரைகள் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வரத் தொடங்கிய சமயத்தில் தந்தி வந்தது. ரயிலேறி நான் நகரி சேர்வதற்குள் நைனாவை எடுத்தாகிவிட்டது.

கடைசி நாட்களில் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் படுத்தபடியே அவர் கத்தரிக்காய்க் கதையைத்தான் சொன்னாராம். இன்றும் விசேஷ வீடுகளில் அக்கா அதைச் சொல்கிறாள். நைனாவின் குரலிலேயே சொல்கிறாள், நடுவில் வரும் இருமல் உட்பட. பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.