விளக்கை ஆட்டாத இரவு

கன்னியாகுமரியிலிருந்து இராமேசுவரம் வரை நீளும் கடற்கரையில், கடலைத் துளியும் நம்பாத மீனவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் வாரத்தில் ஆறு இரவுகள் அதே கடலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டு. பங்குக் கோயில் பதிவேட்டுக்கு வெளியே அது யாருக்கும் பயன்பட்டதில்லை. ஊருக்கு அவர் 'ஒருவேளை'. எந்தப் பேச்சையும் அந்தச் சொல்லில் தொடங்காமல் அவரால் வாய் திறக்க முடியாது என்பதே காரணம். என்னைவிட இருபது வயது மூத்தவர் என்பதால் நான் 'அண்ணாச்சி' என்றேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சமூகவியலில் பட்டம் பெற்ற கையோடு, ஒரு சிறு தொண்டு நிறுவனத்தின் ஊழியனாக நான் புன்னக்காயலுக்குப் போய்ச் சேர்ந்தேன். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் உள்ள ஊர் அது. பாளையங்கோட்டையில், தெருவில் மீன்காரி குரல் கேட்டாலே சன்னலைச் சாத்திவிடும் சைவக் குடும்பம் எங்களுடையது. அப்படிப்பட்டவன் மீனவர்களின் கடல் பாதுகாப்பைப் பற்றி அறிக்கை எழுத வந்திருப்பதாகச் சொன்னபோது ஊரார் சிரிக்கவில்லை. அது அவர்களின் பண்பு. அண்ணாச்சி மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பிக்கு நீச்சல் தெரியுமா?"

"ஆத்துல நல்லா நீந்துவேன்."

"ஒருவேள, அது கடலுக்குத் தெரியலன்னா?"

அவருடைய வள்ளத்தில் இரண்டு நங்கூரங்கள் இருந்தன. முதல் நங்கூரம் அறுந்துபோனால் இரண்டாவது. தீப்பெட்டி நனையாமலிருக்க அதை ஒரு பால்மாவு டப்பாவுக்குள் வைத்திருப்பார். அந்த டப்பாவை இன்னொரு டப்பாவுக்குள். கூட வரும் ஒரே ஆள் அவருடைய மச்சினன். வலை விட்டபின் அந்த மனிதன் கண்ணயரும் முன்னே, கணுக்காலில் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையை வள்ளத்தின் குறுக்குப் பலகையில் முடிந்துவிடுவார்.

"ஒருவேள தூக்கத்துல எந்திரிச்சு நடந்துட்டன்னா?"

"நான் பொறந்ததுலேருந்து தூக்கத்துல நடந்ததே இல்ல மச்சான்."

"கடல்ல ஒருக்கா நடந்தாப் போதும்லே."

கோயிலில் வாசலுக்குப் பக்கத்திலேயே நிற்பார். கூரையின் மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. அவருடைய திருமணத்தின்போது, சம்மதமா என்று பங்குச் சாமியார் கேட்டதற்கு, "எனக்குச் சம்மதந்தான். ஒருவேள அவளுக்கு இல்லன்னா? இன்னொருக்கா கேட்டுருங்க" என்று சொன்னதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் அவருடைய மனைவியிடம் விசாரித்தேன். "இன்னொருக்காவா? மூணு தரம் கேக்க வச்சாவ" என்றார் அந்த அம்மாள்.

இவையெல்லாம் ஊர் சிரித்து மகிழ்வதற்கு உதவின. சிக்கல் விளக்கில்தான் இருந்தது.

அந்தக் காலத்தில் கைப்பேசியும் இல்லை, கம்பியில்லாக் கருவியும் இல்லை. இருளில் வலை விட்டுக் காத்திருக்கும் ஒவ்வொரு வள்ளத்திலும் ஒரு கம்பில் அரிக்கேன் விளக்கு தொங்கும். அந்த விளக்கைக் கழற்றித் தலைக்கு மேல் வட்டமாக ஆட்டினால், ஆபத்து, உடனே வா என்று பொருள். கண்ட வள்ளங்களுள் மிக அருகில் இருப்பது, வலையைக் கைவிட்டுப் போயே தீர வேண்டும். போகாதவனை அடுத்த நாள் கரையில் யாரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள். எழுதாத சட்டம்; ஆனால் பல உயிர்களைக் காத்த சட்டம்.

அண்ணாச்சி இரவுக்கு ஒரு முறையாவது விளக்கை ஆட்டினார். உதிக்கும் நிலாவைத் தீப்பிடித்த கப்பல் என்று எண்ணி ஒரு நாள். மச்சினனின் குறட்டை நின்றுவிட்டது என்று ஒரு நாள். இன்னொரு நாள், அலறியடித்து வந்து சேர்ந்தவர்களிடம், "ஒண்ணுமில்ல. ஒருவேள நெசமா வேணுங்கும்போது நீங்க வராமப் போயிட்டா? அதான் வாறியளான்னு பாத்தேன்" என்றார். அதற்குப் பிறகு, அவருக்கு மிக அருகிலிருக்கும் வள்ளமாக இருப்பதற்கு ஒருவரும் உடன்படவில்லை. அவர் வடக்கே போனால் ஊர் தெற்கே போனது.

தை மாதத்தில் ஊர்க் கமிட்டி கூடியது. தலைவர் பருத்த உடலும் மெல்லிய பொறுமையும் கொண்டவர். தீர்ப்பு எளிமையாக இருந்தது: காரணமில்லாமல் இன்னும் ஒரு முறை விளக்கை ஆட்டினால், ஈஸ்டர் முடியும்வரை ஒருவேளையின் வள்ளம் கரையேற வேண்டும். நல்ல மீன்பாடு உள்ள மூன்று மாதங்கள். அவருக்கு வேறு தொழில் தெரியாது. வீட்டில் ஐந்து பேர் சாப்பிட வேண்டும்.

நான் எழுந்து பேசினேன். பொய்யான எச்சரிக்கை பெருகினால் மெய்யான எச்சரிக்கைக்கு மதிப்பில்லாமல் போகும் என்று இரு தரப்புக்கும் பொதுவாக விளக்கினேன். அவர் திருந்துவார், அதற்கு நானே பொறுப்பு, முதல் நாள் நானே கூடப் போகிறேன் என்றும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே விளங்கியது.

"எழுதிக் குடும்" என்றார் தலைவர். எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் அந்தியில் புறப்பட்டோம். ஆறு கடலுக்குள் நுழையும் வாயில் மணல்திட்டு உண்டு. அங்கே அலைகள் மடிந்து விழும். அதைக் கடக்கும்போது வள்ளத்தின் முகப்பு வானத்தைப் பார்த்தது; பிறகு நேராகத் தண்ணீரைப் பார்த்தது. நான் பலகையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டேன். அண்ணாச்சியும் அப்படியே பற்றிக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டுகளாக அவர் அப்படித்தான் கடந்து வருகிறார் என்று மச்சினன் சொன்னான்.

கரையின் விளக்குகள் கடலுக்குள் அமிழ்ந்த பிறகு எஞ்சினை நிறுத்தி வலையை இறக்கினார்கள். நீரோட்டத்தோடு மிதந்துபோகும் நீண்ட வலை அது. வலையின் ஒரு நுனியில் வள்ளமும் கட்டுண்டு மிதக்கும். இனி விடியும்வரை காத்திருப்பதே வேலை. தொலைவில் ஏழெட்டு மஞ்சள் புள்ளிகளாக மற்ற வள்ளங்கள் தெரிந்தன. மச்சினன் கால்கட்டோடு உறங்கிப்போனான்.

அண்ணாச்சி விளக்கைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார்.

"தம்பி, அடியில தண்ணி கசியுத மாதிரி இல்ல?"

தொட்டுப் பார்த்தேன். "அது நீங்க காலு கழுவுன தண்ணி."

"ஒருவேள காலு கழுவுன தண்ணிக்குள்ள கடல் தண்ணியும் இருந்தா?"

"ஆட்டக் கூடாது அண்ணாச்சி."

சிறிது நேரம் கழித்து, "காத்து மாறுது" என்றார். பிறகு, "காத்து ஏன் மாறல?" என்றார். ஒவ்வொன்றுக்கும் காரண காரியத்தோடு மறுப்புச் சொன்னேன். ஆனால் அச்சத்துக்கு ஓர் இயல்பு உண்டு. மறுத்து மறுத்துப் பேசுகிறவனிடம் அது மெல்லக் குடியேறிவிடுகிறது. நள்ளிரவுக்குள் நானே இரண்டு முறை வள்ளத்தின் அடியைத் தடவிப் பார்த்துவிட்டேன்.

அப்போதுதான் தெற்கே ஒரு சிவப்பு விளக்கையும் ஒரு பச்சை விளக்கையும் கண்டேன்.

"கப்பலு" என்றார் அண்ணாச்சி. "தூத்துக்குடிக்குப் போவுது. இடப்பக்கம் செவப்பு, வலப்பக்கம் பச்ச. ஒண்ணு மட்டும் தெரிஞ்சா அது பாட்டுக்குப் போவுதுன்னு அர்த்தம்."

"ரெண்டும் தெரிஞ்சா?"

"நம்மளப் பாத்து வருதுன்னு அர்த்தம்."

இரண்டும் தெரிந்தன. அவற்றுக்கு இடையிலிருந்த இருட்டு மெல்ல விரிந்தது. எஞ்சினை முடுக்கி விலகலாம். ஆனால் வள்ளம் வலையோடு கட்டுண்டிருந்தது. அறுத்தால் வலை போய்விடும். அந்த வலையில்லாமல் வள்ளம் கடலில் கிடந்தால் என்ன, கரையில் கிடந்தால் என்ன? ஒரு முழக்கம் கேட்டது. அது கப்பலின் எஞ்சினா என் நெஞ்சா என்று பிரித்தறிய முடியவில்லை.

"விளக்க ஆட்டுங்க அண்ணாச்சி!"

"ஆட்டுனா மூணு மாசம் கரையில."

"உயிர் போனா?"

"கமிட்டியில காரணம் கேப்பாவ. கப்பலு இடிக்கல, சும்மா வந்துச்சின்னா அது காரணமா? நீருதானே பொறுப்பு எழுதிக் குடுத்தீரு?"

நான் கம்பிலிருந்த விளக்கை எட்டிப் பிடித்தேன். கற்றறிந்த தர்க்கங்களெல்லாம் என்னைக் கைவிட்டிருந்தன. ஆட்ட வேண்டும் என்பது ஒன்றே மனத்தில் இருந்தது. அண்ணாச்சி என் மணிக்கட்டைப் பற்றினார். பிடி இளகவில்லை. மற்றொரு கையால் மடியிலிருந்த கத்தியை எடுத்து வலைக்கயிற்றின் மேல் வைத்துக்கொண்டார்.

"தம்பி, ஒருவேள அது திரும்பிருச்சின்னா?"

அந்தச் சொல் நம்பிக்கையின் பக்கம் சாய்ந்து அவர் வாயிலிருந்து வந்ததை அன்றுதான் கேட்டேன்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. பச்சை மங்கியது, பிறகு மறைந்தது. சிவப்பு மட்டும் நின்றது. ஒரு தெருவே நகர்ந்து போவதுபோலக் கப்பல் எங்களைக் கடந்து வடக்கே போனது. அது எழுப்பிய அலைகளில் வள்ளம் துள்ளியடங்கியது. அண்ணாச்சி கத்தியை மடியில் செருகினார்; என் மணிக்கட்டை மட்டும் விடவில்லை. நிபந்தனை நிறைவேறிவிட்டது, இனி விடியவேண்டியதுதான் பாக்கி என்று நான் எண்ணினேன்.

அரைமணி நேரம் போயிருக்கும். இருளில் ஓர் எஞ்சின் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. மஞ்சள் புள்ளிகள் எல்லாத் திசையிலிருந்தும் எங்களை நோக்கி நகர்ந்தன.

"கரையில ஏதோ நடந்துபோச்சு" என்றார் அண்ணாச்சி. அவர் முகம் சாம்பல் பூத்தது. "எம் வீட்டுலதான். சொல்லத்தான் வருதாவ."

முதல் வள்ளத்தின் முகப்பில் கையில் கயிற்றுச் சுருளோடு தலைவரே நின்றார்.

"ஏலே ஒருவேள! உசுரோட இருக்கியாலே?"

"இருக்கேன் தலைவரே. ஏன்?"

"ஏனாவா? ஏம்லே வெளக்க ஆட்டல?"

"நீங்கதான ஆட்டக் கூடாதுன்னிய?"

"அதுக்குன்னு ஒருக்காகூடவா ஆட்டாம இருப்ப? மணி ரெண்டாவப் போவுது! கப்பலு வேற இந்தப் பக்கமாப் போச்சு. வெளக்கு எரியுது, அசையல. ஆட்டுறதுக்கு ஆளு இல்லன்னுல்லா நெனச்சோம்!"

இந்தக் கூச்சலில் மச்சினன் விழித்து, திடுக்கிட்டு எழுந்து, இரண்டடி எடுத்து வைத்து, கால்கயிறு இழுக்க மீன்கூடைக்குள் தலைகுப்புற விழுந்தான். "பாத்தியளா? தூக்கத்துல நடக்கான்" என்றார் அண்ணாச்சி எல்லாரிடமும்.

எட்டு வள்ளங்கள் வந்திருந்தன. எட்டும் வலையைக் கைவிட்டு வந்திருந்தன. அவற்றில் மூன்று வலைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதை அவிழ்க்க மறுநாள் பகல் முழுவதும் ஆயிற்று. ஓர் எச்சரிக்கையின் விலையைப் பற்றி ஊருக்கு வகுப்பெடுத்த நான், எச்சரிக்கை இல்லாமையின் விலையைக் கணக்கில் கொள்ளவில்லை. மணலில் உட்கார்ந்து சிக்கெடுத்தவர்களோடு நானும் உட்கார்ந்தேன். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கமிட்டி கூடியது. அண்ணாச்சி வாசலோரமாக நின்றார். ஈஸ்டர்வரை கரையில் இருக்க வேண்டுமா இல்லையா என்பது அவருக்கு இன்னும் தெரியாது. வேட்டி நுனியை முறுக்கியபடி இருந்தார்.

தலைவர் நீண்ட நேரம் மூச்சு வாங்கிய பிறகு பேசினார். "நீ ஆட்டுனா எங்க தூக்கம் போவுது. ஆட்டாட்டா எங்க வல போவுது. வலையப் பாத்தா தூக்கம் மலிவுலே. வழக்கம்போல ஆட்டு. ஆனா பைய ஆட்டு. ஒரேயடியா உசுரு போற மாதிரி ஆட்டாத."

நான் எழுதிக் கொடுத்த தாளைக் கிழிக்கும்படி கேட்டேன். "அது கெடக்கட்டும்" என்றார் தலைவர். "படிச்சவுக எழுதிக் குடுத்தது. ஊருக்கு ஒரு எச்சரிக்கையா இருக்கும்."

அண்ணாச்சி அன்றிரவே கடலுக்குப் போனார். கரையில் நின்று பார்த்தேன் என்றாலும், அத்தனை தொலைவில் எதுவும் தெரியவில்லை. ஆனால் விடியலில் திரும்பியவர்கள் எல்லாரும் நன்றாகத் திட்டிக்கொண்டே வந்தார்கள். நிம்மதியாக இருந்தது.

அடுத்த ஆண்டு எனக்கு வேறு வேலை கிடைத்தது. பெட்டியோடு பஸ் ஏறியபோது அண்ணாச்சியும் ஏறினார். ஆத்தூரில் பஸ் மாற வேண்டும். ஒருவேளை நான் மாறாமல் விட்டுவிட்டால்? மாறிய பிறகும் அவர் இறங்கவில்லை. ஓட்டுநரிடம் பிரேக்கைப் பற்றி அவர் கேட்ட கேள்விகளால் ஓட்டுநர் இரண்டு முறை பஸ்ஸை நிறுத்தி, "எறங்கும்வே" என்றார். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வாசல்வரை வந்து, ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டியை அம்மாவிடம் நீட்டினார். "மீனு இல்லம்மா. வேணும்னா மோந்து பாருங்க. உங்க புள்ளைய முழுசாக் கொண்டாந்து சேத்தாச்சு. கையு காலெல்லாம் ஒருக்கா எண்ணிக்கிடுங்க."

இரவு தங்கிப் போகச் சொன்னோம்; வீட்டில் பயந்துவிடுவார்கள் என்று மறுத்துக் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். ஆத்தூரில் அவருக்கு இணைப்புப் பஸ் கிடைத்ததா என்று அறிய எனக்கு ஒரு வழியும் இல்லை. இரவு முழுவதும் புரண்டு கிடந்தேன். விடிந்ததும் புன்னக்காயலுக்குப் போக முதல் பஸ் ஏறினேன்.