குயில் எலும்பும் நின்று குடித்த தேநீரும்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.

தம்பலகாமம், மதிப்பிற்குரிய கதிர்காமத்தம்பி அவர்களுக்கு,

கோணேசர் அருளால் நாங்கள் நலம். உங்கள் வீட்டாரும் வயலும் டிராக்டரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். நாங்கள் நலம் என்று எழுதியது வழக்கத்துக்காக. என்னைப் பொறுத்தவரை அது பொய்.

எங்கள் கீர்த்தனியைப் பெண் பார்க்க வந்த நீங்கள், தேநீரை நின்றபடியே குடித்துவிட்டுப் போனீர்கள். அதன்பின் ஒரு சேதியும் இல்லை. பிழை என்னுடையதுதான். அன்று காலை, உங்களுக்கென்று வாங்கிய புதுக் கதிரைகளை லொறியிலிருந்து இறக்கும்போது சறுக்கி, எழுதக் கூசும் இடம் படியில் அடிபட விழுந்தேன். அதற்குப் பிறகு என்னால் உட்கார்ந்திருக்க ஏலவில்லை. "கதிரையில இருங்கோவன், மாஸ்டர்" என்றார் உங்கள் மனைவி. "இல்லை, நீங்கள் இருங்கோ" என்றேன். "வயசில மூத்தவர் நிக்க நாங்கள் எப்படி இருக்கிறது?" என்றீர்கள் நீங்கள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பெண்கள் நிற்கும் சபையில் வெட்கம் வாயை அடைத்துவிட்டது. ஆங்கிலம் படிப்பித்த பழக்கம் காப்பாற்றும் என்று நம்பி, "கொக்சிக்ஸ் எண்டு ஒரு சொல் இருக்கு. கிரேக்கத்தில அது குயிலுக்குப் பேர். ஒரு எலும்பு குயில்ட சொண்டு மாதிரி இருக்குதெண்டு அந்தப் பேரை வைச்சிட்டினம்" என்று தொடங்கினேன். அந்த எலும்பு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. உங்கள் மனைவி யன்னலுக்கு வெளியே குயிலைத் தேடினார். நீங்கள் உங்கள் மகன் சசிகரனைப் பார்த்தீர்கள். அவர் நிலத்தைப் பார்த்தார். பெண்ணின் தகப்பனுக்கு மூளை பிசகு என்றுதானே நினைத்திருப்பீர்கள்?

கீர்த்தனி என்னோடு கதைப்பதில்லை. தம்பி சசிகரனை அவளுக்குப் பிடித்துவிட்டதாகத் தாயிடம் சொல்லியிருக்கிறாள். என் வெட்கத்தால் பிள்ளையின் வாழ்க்கை குழம்பிவிட்டதே என்று நினைக்க எனக்கு அவமானமாயிருக்கிறது. ஆகவே எழுதிவிடுகிறேன்: என் வாலெலும்பில், அந்தக் குயில் எலும்பில்தான், வெடிப்பு. தயவுசெய்து இன்னொரு முறை வாருங்கள். தலையணைக்கு மேல் தலையணை போட்டாவது நான் இருப்பேன், நீங்களும் இருக்கலாம்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி.

இப்படிக்கு,
வெட்கமுள்ள
சோமசேகரம்

பி.கு.: உறை ஒட்டப் போகும்போது கீர்த்தனி வந்தாள். சசிகரன் அவளுக்குப் போன் எடுத்தாராம். "எங்கட அப்பாவுக்கு மூலவியாதி. மாஸ்டர் நிண்டதால அவர் இருக்காமல் தப்பினார். அடுத்தமுறை வந்தால் கட்டாயம் கதிரையில இருத்திப்போடுவினம் எண்டு பயந்துதான் சேதி அனுப்பேல்லை" என்றாராம். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துவிடுங்கள். பயப்படாமல் வாருங்கள், நின்றபடியே கலியாணத்துக்கு நாள் வைப்போம்.